எல்லோர் கையிலும் வீங்கும் சொட்டு

அருளு, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இதைப் பிரிக்காதே. ஷிஃப்ட் முடிந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து படி. போனிலேயே சொல்லிவிடலாம் என்று நாலு நாளாக முயன்றேன். நீ "சொல்லும்மா" என்றதும் எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டாயா, ஓசூரில் மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுத ஆரம்பித்தால் பேச்சை மாற்ற முடியாது என்பதால் எழுதுகிறேன். இன்னும் ஐந்து வாரத்தில் உனக்கும் ஷீபாவுக்கும் கல்யாணம். பத்திரிகை வந்துவிட்டது. அப்பா அதை மேஜை மேல் வைத்துக்கொண்டு யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார். நான் எதிரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஷீபா எங்கள் கிளினிக்குக்கு வந்தாள். என்னைப் பார்க்க வந்ததாகச் சொல்லவில்லை. மற்றவர்களைப் போல டோக்கன் வாங்கிக்கொண்டு, மாடிப்படிப் பக்கத்து பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஊசி அறையிலிருந்து எட்டிப் பார்த்து அடுத்த நம்பரைக் கூப்பிட்டபோது அவள் எழுந்து வந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடம்புக்கு என்ன என்று கேட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றாள். அவள் வீட்டில் ரோஸி என்று ஒரு நாய் இருப்பது உனக்குத் தெரியும். நீ அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. உன்னிடம் பேச அவள் அப்பாதான் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். கல்யாணம் முடிந்ததும் அவர் கோயம்புத்தூரில் பெரிய மகள் வீட்டுக்குப் போகிறார். அந்த அடுக்குமாடியில் நாய் வளர்க்க விடமாட்டார்கள். ரோஸிக்கு ஒன்பது வயது, ஒரு கண் தெரியாது. மீஞ்சூரில் தெரிந்தவர் ஒருவர் வளர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போவார் என்றாள். இதையெல்லாம் அழாமல் சொன்னாள். பிறகு உன்னைப் பற்றிக் கேட்டாள்.

"நாய் அலர்ஜிக்கு ஊசி கீதாமே அத்த. மூணு வருஷம் விடாம போட்டா கொறையும்னு சொல்றாங்க. அவர நான் பேசி போட வெக்கிறேன். கொறஞ்சதும் ரோஸிய திரும்பக் கூட்டினு வந்துடலாம்ல?"

அந்த நாய்க்கு இன்னும் மூன்று வருடம் இருக்குமா என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான், பார்க்கலாம்மா, டாக்டரம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். போகும்போது ஒன்று சொன்னாள். ரோஸியை வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்று அவள் உன்னிடம் கேட்டாளாம். அதற்கு நீ, "எங்கம்மாவே டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க, அதுல தப்பு வராது" என்றாயாம். அதற்குப் பிறகு அன்று முழுவதும் என்னால் யாருக்கும் ஊசி போட முடியவில்லை. ஜோதி சிஸ்டரைப் போடச் சொல்லிவிட்டு நான் ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அருளு, உனக்கு நாய் அலர்ஜி கிடையாது. உனக்குப் பதினோரு வயதில் நான் எடுத்த அந்தச் சோதனையில் நாய்க்கு ஒன்றும் வரவில்லை. வந்ததாக நான் உன்னிடம் பொய் சொன்னேன்.

எப்படிச் சொன்னேன் என்பதை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். நாம் திருவொற்றியூரில் இருந்தபோது, எட்டு வயதில், டீக்கடை வாசலில் பன்னைக் காட்டிக் காட்டி ஒரு குட்டியை வீடு வரை நடத்திக்கொண்டு வந்தாய். அதற்குப் பன்னு என்றே பெயரும் வைத்தாய். ராயபுரத்துக்கு வீடு மாறும்போது, பன்னுவை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சாமான் ஏற்றிய வண்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாய். நான் உன் தலையில் கை வைத்து, எந்த வீட்டுக்குப் போனாலும் பன்னு நம்மோடுதான் இருக்கும் என்று சத்தியம் செய்தேன். அந்த ராயபுரத்து வீடு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. குழாயில் நல்ல தண்ணீர் வரும். உன் பள்ளிக்கூடமும் என் கிளினிக்கும் நடந்து போகும் தூரம். ஹார்பரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா மத்தியானம் சாப்பிட வீட்டுக்கே வந்துவிடுவார். ஒரு வருடம் போனது. வீட்டுக்கார அம்மாவின் பேரப்பிள்ளை பன்னுவின் வாலை மிதித்து, அது திரும்பி அவன் முழங்காலைக் கீறிவிட்டது. பல் படவில்லை, நகம்தான். அந்த அம்மா கத்தவில்லை. என்னை மாடிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, "நாயா வூடா, நீயே முடிவு பண்ணிக்கோ. மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்" என்றார்.

அதை உன்னிடம் அப்படியே சொல்லியிருக்கலாம். வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டார், அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை, சத்தியத்தைக் காப்பாற்ற முடியவில்லை என்று சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், என்னைத் திட்டியிருப்பாய், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாய். அந்த ஒரு வாரத்துக்குத்தான் பயந்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தும் வேறு காரணம் கிடைக்கவில்லை.

அப்போதே உனக்கு வீசிங் இருந்தது. டாக்டரம்மா தோல் சோதனை எடுத்துப் பார்க்கச் சொன்னார். பள்ளிக்கூடம் லீவு விட்ட சமயம். உன் முன்கையைத் துடைத்து, பேனாவால் ஒன்று முதல் பத்து வரை நம்பர் போட்டேன். தூசி, கரப்பான், நாய் என்று ஒவ்வொன்றின் சாற்றிலும் ஒரு சொட்டு எடுத்து ஒவ்வொரு நம்பர் பக்கத்திலும் வைத்து ஊசி முனையால் லேசாகக் குத்தினேன். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆகாத பொருள் இருக்கும் இடத்தில் கொசு கடித்ததுபோல வீங்கும். நீ கையை அசைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, இதில் எது பன்னுவுடைய சொட்டு என்று கேட்டாய். பொறு, சொல்கிறேன் என்றேன். உண்மையில் அது ஆறாம் நம்பர். ஆறாம் நம்பரில் கடைசி வரை ஒன்றுமே இல்லை, வெறும் தோல். தூசிப் பூச்சிக்கு வீங்கியிருந்தது, கரப்பானுக்கு வீங்கியிருந்தது. பத்தாம் நம்பர் எல்லாவற்றையும்விடப் பெரிதாக வீங்கியிருந்தது.

பத்தாம் நம்பர் என்ன என்று சொல்கிறேன் கேள். சோதனை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக வைக்கும் சொட்டு அது. அலர்ஜி இருப்பவர், இல்லாதவர், யார் கையில் வைத்தாலும் வீங்கும். என் கையில் வைத்தாலும் வீங்கும், டாக்டரம்மா கையில் வைத்தாலும் வீங்கும். வீங்க வேண்டும் என்றேதான் அதை வைக்கிறோம். நான் அந்தப் பத்தாம் நம்பரைத் தொட்டுக் காட்டி, "இதான் பன்னு" என்றேன். நீ கொஞ்ச நேரம் அதையே பார்த்தாய். பிறகு விரலில் எச்சில் தொட்டு, அது அமுங்கிவிடுமா என்று தேய்த்துப் பார்த்தாய்.

டாக்டரம்மாவிடம் நான் பொய் சொல்லவில்லை. உள்ளே போய் வீக்கங்களின் சரியான அளவுகளைத்தான் கொடுத்தேன். மெத்தைக்கு உறை போடு, போர்வையை வெந்நீரில் துவை, கரப்பான் வராமல் பார்த்துக்கொள் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் கிளினிக் ஃபைலில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். நாய் என்று அச்சிட்ட இடத்துக்கு நேரே என் கையெழுத்தில் பூஜ்ஜியம். உன்னிடம் மட்டும்தான் பொய். அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னபோது அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "புள்ளய ஏமாத்தலாம்டி. அவன் கையையே அவனுக்குக் காட்டி ஏமாத்துவியா?" என்றார். அப்போதே உன்னிடம் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தார். நான் அவர் காலைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். இத்தனை வருடம் அவர் வாயைத் திறக்காததற்கு நான்தான் காரணம், அவர் மேல் கோபப்படாதே.

பன்னுவை எடுத்துக்கொண்டது செல்வி அக்கா. காத்திவாக்கத்திலிருந்து எங்கள் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தவள். இறால் உரிக்கும் ஷெட்டில் பன்னிரண்டு வருடம் வேலை செய்து, கை முழுவதும் தடித்து, ஷெட்டுக்குள் நுழைந்தாலே மூச்சு இழுக்கும் நிலையில் வந்தாள். அவளுக்கும் நான்தான் சோதனை எடுத்தேன். இறால் சொட்டு வைத்த இடம் காசு அளவுக்கு வீங்கியது. இந்த வேலையை விட்டால் சோறு இல்லை, பரவாயில்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று என்னைக் கெஞ்சினாள். மாட்டேன் என்றேன். உள்ளது உள்ளபடிதான் சொல்வேன், அதுதான் என் வேலை என்று அவளுக்கு நியாயம் பேசினேன். அவளும் கேட்டுக்கொண்டு இட்லிக்கடை போட்டுப் பிழைத்தாள். அவளிடம் அப்படிப் பேசியதற்கும் உன் கையைப் பிடித்துப் பொய் சொன்னதற்கும் நடுவில் ஒரு மாதம்கூட இல்லை.

பன்னுவை ஏற்றிப் போக மீன் வண்டி வந்த அன்று நீ கிட்டே வரவில்லை. நான்தான் வரக்கூடாது என்று சொல்லியிருந்தேன். மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, எதிர்வீட்டுச் சுவரோரம் நின்று பார்த்தாய். அது உன்னிடம் ஓடி வரப் பார்த்தது, அப்பா கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டார். வண்டி போன பிறகும் உன் வீசிங் போகவில்லை. அதுதான் போயாச்சே, இன்னும் ஏன் இழுக்கிறது என்று கேட்டாய். நாய் போனாலும் அதன் முடி மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும் என்றேன். அது உண்மைதான், நாய் அலர்ஜி இருப்பவர்களுக்கு நாங்கள் சொல்வதுதான். நீ மறுநாள் பன்னு படுக்கும் சாக்கை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் எரித்தாய். அது படுக்கும் மூலையை சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினாய். ஒரு வாரம் தினமும் கழுவினாய். நான் சமையல்கட்டில் நின்று அந்தத் துடைப்பச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு உனக்குச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். நீ இழுப்பு என்று சொல்வதே இல்லை. மெத்தை உறை மாற்றியது வேலை செய்கிறது என்று எனக்குப் பெருமைகூட. ஏழாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டார்கள். நீ பரீட்சைத் தாள் மேலேயே சாய்ந்து கிடந்தாய். உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு நாளாக இழுப்பை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாய். என் வீட்டிலேயே, நான் பரிமாறியதைச் சாப்பிட்டுக்கொண்டு. ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடித்து மூச்சு திரும்பிய பிறகு, ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். முகத்திலிருந்து மாஸ்க்கை நகர்த்திவிட்டு நீ சொன்னது எனக்கு இன்றும் அப்படியே காதில் இருக்கிறது.

"சொன்னா இன்னும் எதுனா எடுத்துடுவ."

அப்போது நீ ஹார்பர் பக்கத்து மைதானத்தில் ஃபுட்பால் ஆட ஆரம்பித்திருந்தாய். அது போய்விடும் என்று பயந்திருக்கிறாய். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். உன் படுக்கையோரத்தில் வேறு யாரும் இல்லை. நான் அழுதேன், ஆனால் சொல்லவில்லை. இரண்டு வருடப் பொய்யை இந்த நிலையில் சொன்னால் உனக்குத் தாங்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யாரைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று இப்போது தெரிகிறது. அதே மாதம் வீட்டுக்கார அம்மா தன் மகளுக்கு வேண்டும் என்று அந்த வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

செல்வி அக்கா ஒவ்வொரு முறை மருந்துக்கு வரும்போதும் பன்னுவைப் பற்றிச் சொல்வாள். "ஒங்க நாயி வல மேல படுத்துகினு எய்ந்துக்கவே மாட்டேன்னுது சிஸ்டர்" என்பாள். உன்னை ஒரு நாள் கூட்டி வரச் சொல்வாள். அவனுக்கு மூச்சு திணறும் என்று அவளிடமும் சொல்லிவைத்திருந்தேன். நீயும் பதினைந்து வயது வரை கேட்டாய், தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வருகிறேனே என்றாய். ஒருமுறை மாஸ்க் வாங்கி வைத்துக்கொண்டு கேட்டாய். நான் கூட்டிப் போகவில்லை. உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் எனக்கு இல்லை. நீ அதைக் கட்டிப்பிடித்து, மாஸ்க்கைக் கழற்றி, முகத்தை அதன் கழுத்தில் புதைத்து, அதற்குப் பிறகும் உனக்கு ஒன்றுமே ஆகாமல் போனால் என்ன செய்வது என்றுதான் பயம்.

நான் மட்டும் ஒருமுறை போனேன். நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். செல்வி அக்கா மகளின் விசேஷம். பன்னு கொஞ்சம் பருத்திருந்தது, மூக்கோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து புடவையை மோந்தது. வாலை ஆட்டியது. பிறகு என்னைத் தாண்டிப் போய், நான் இறங்கி வந்த ஆட்டோவைச் சுற்றி வந்து, உள்ளே எட்டிப் பார்த்தது. ஆட்டோ கிளம்பிப் போன பிறகும் அந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. நீ காலேஜில் முதல் வருடம் படித்தபோது அது செத்துப்போனது. வயதாகித்தான் செத்தது, நோய்நொடி இல்லை. கழிமுகத்தோரம் புதைத்ததாக செல்வி அக்கா சொன்னாள். அதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை. நீ அதற்குள் கேட்பதை நிறுத்தியிருந்தாய். தெருவில் நாய் வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடும் பழக்கம் மட்டும் உனக்கு இருந்தது.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு திருவொற்றியூரில் ஷீபா வீட்டுக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரோஸியை அனுப்பாதே என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை. திட்டுவாள், கல்யாணமே வேண்டாம் என்பாள் என்று எதையெதையோ நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். இது உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

"அப்ப மொதல்ல என்னாண்ட ஏன் அத்த சொன்னீங்க?"

அவளிடம் சொல்வது சுலபமாக இருந்தது, அதனால் சொன்னேன். பதினேழு வருடத்துக்கு முன்னால் எது சுலபமோ அதைத்தான் செய்தேன், இப்போதும் அதையே செய்துகொண்டு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் இதை மறைத்து வைக்க அவளால் முடியாது, இந்த வாரத்துக்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்றாள். மீஞ்சூர்க்காரரிடம் வர வேண்டாம் என்று என் எதிரிலேயே போன் செய்தாள். வாசல் வரை வந்து ஆட்டோ ஏற்றிவிட்டாள். நல்ல பெண் அருளு. அவளிடம் எதையும் சுற்றி வளைத்துச் சொல்லாதே. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போகும் நாள் எல்லார் வீட்டிலும் வரும். அன்றைக்கு, என்னால் முடியவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடு. உனக்குப் பிள்ளை பிறந்தால் பிள்ளையிடமும் அப்படியே சொல். அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்கார்ந்துகொள்.

இனி உடம்பைப் பற்றி ஒரு நர்ஸாகச் சொல்கிறேன், அதையாவது நம்பு. பதினேழு வருடத்தில் உடம்பு மாறியிருக்கலாம். அன்று இல்லாத நாய் அலர்ஜி இன்று வந்திருக்காது என்று நான் உறுதி சொல்ல முடியாது. அதனால் என் பேச்சை வைத்துக்கொண்டு ரோஸியைத் தூக்கிக் கொஞ்சாதே. திரும்ப ஒரு சோதனை எடுத்துக்கொள். நம் கிளினிக்கில் வேண்டாம். ஓசூரிலோ பெங்களூரிலோ எனக்குத் தெரியாத இடத்தில் எடு. அதற்கு ஒரு வாரம் முன்னால் அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்து. இன்ஹேலரை மட்டும் நிறுத்தாதே. முடிவு எதுவாக வந்தாலும் நீயும் ஷீபாவும் பேசி முடிவெடுங்கள், என்னைக் கேட்க வேண்டாம்.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதி மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அப்படிக் கேட்டால் நீ உடனே, விடும்மா, சின்ன வயசு விஷயம் என்று சொல்லிவிடுவாய். அதுதான் எனக்குப் பயம். பன்னு போனதிலிருந்து நீ என்னிடம் ஒரு தடவைகூடக் கோபப்பட்டதில்லை. மார்க் குறைந்ததற்கு நான் அடித்தபோதும் இல்லை, உனக்குப் பிடித்த படிப்பில் சேரவிடாதபோதும் இல்லை. என் பிள்ளை எவ்வளவு சாந்தம் என்று கிளினிக்கில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு புடவை எடுக்க நீ வருகிறாய். கடைக்கு ஷீபாவோடு மத்தியானம் போகலாம். காலையில் அப்பா பத்திரிகை கொடுக்க வெளியே போய்விடுவார், வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். வா நைனா, வந்து என்ன கேட்க வேண்டுமோ கேள். கத்த வேண்டுமானால் கத்து. நீ பேசி முடிக்கும்வரை நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன்.